கருவாடா, கரும்புச்சாறா? எலிக்கு ஏறின பிரஷரை வைத்து எங்கள் வீட்டில் சண்டை

முதுநகர்க்காரன் | இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு சின்னக் கருவாட்டுக் கடை. அப்பா காலத்துக் கடை. வயது 52. மூன்று வருஷமாக பிரஷர் மாத்திரை போடுகிறேன். போன வாரம் பார்த்தபோது 150-க்கு 96. சுகர் கிடையாது. ஆனால் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 260 என்று வந்தது. டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வர்றதுதான்" என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய மருமகன் ஒரு செய்தி போட்டார்: எலிக்குச் சர்க்கரை கொடுத்ததும் பிரஷர் ஏறிவிட்டது, ஆகவே உப்பு நிரபராதி. இரண்டு நாள் கழித்து என் மச்சான் இன்னொன்று போட்டார்: எலிக்கு உப்பு கொடுத்ததும் பிரஷர் எகிறிச் செத்தே போய்விட்டது, ஆகவே கருவாடு விஷம். இரண்டுமே ஆய்வுக்கூடத்தில் நிரூபணமாம். மருமகன் பேச்சைக் கேட்டால் கடை பிழைக்கும், நெல்லிக்குப்பம் ரோட்டில் தினம் குடிக்கிற கரும்புச்சாறு போய்விடும். மச்சான் பேச்சைக் கேட்டால் சாறு பிழைக்கும், கடை போய்விடும்.

இரண்டு பேரும் ஒரே எலியைப் பற்றித்தான் பேசுகிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை | 9:20

அண்ணே, உங்கள் மச்சானும் மருமகனும் இருக்கிற குழுவில் அந்த எலியைச் சேர்த்திருப்பார்கள். அதில்தான் பிரஷர் ஏறிச் செத்திருக்கும்.

வால்பட்டை | 9:58

ஒரே எலி இல்லை, தம்பி.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியின் விலங்குக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது லாஸ்பேட்டையில் வாசம். ஆராய்ச்சி செய்தவன் இல்லை. செய்தவர்களுக்கு எலி வளர்த்துக் கொடுத்தவன், வாலில் பட்டை கட்டி பிரஷர் பார்த்துக் கொடுத்தவன். யாராவது 'எலியில் நிரூபணம்' என்று ஆரம்பித்தால் நான் கேட்கிற முதல் கேள்வி: எந்த எலி?

உங்கள் மருமகனின் எலி சாதாரண வெள்ளை எலி. ஸ்ப்ராக்-டாவ்லி என்பார்கள். அதற்குப் பிறவியில் பிரஷர் கிடையாது. 1987-ல் ஸ்டான்ஃபோர்டில் ரீவன் என்பவரின் குழு அதற்கு, நம் சர்க்கரையில் பாதியாக இருக்கிற ஃபிரக்டோஸ் நிறைந்த தீவனத்தைக் கொடுத்தது. இரண்டே வாரத்தில் 124 இருந்த பிரஷர் 145-க்குப் போனது. கூடவே இன்சுலினும் டிரைகிளிசரைடும் ஏறின. மறு வருஷமே ரீவன், இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, டிரைகிளிசரைடு, பிரஷர் இவை மனிதர்களிடமும் கூட்டாக வருகின்றன என்று சொல்லி, அந்தக் கூட்டத்துக்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். உங்கள் டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னது அதைத்தான்.

மச்சானின் எலி டால் எலி. 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் பக்கம் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் டால் என்பவர் இதே வெள்ளை எலிக் கூட்டத்துக்கு உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தார். சிலதுக்கு எகிறியது. சிலது அசையவே இல்லை. எகிறினதை எகிறினதோடும், அசையாததை அசையாததோடும் சேர்த்தே குட்டி போட வைத்தார். சில தலைமுறையிலேயே இரண்டு வம்சம் பிரிந்துவிட்டது. எட்டு சதவீதம் உப்பு கலந்த தீவனத்தில் ஒரு வம்சம் சில வாரத்தில் படுத்துவிடும். மற்றது அதே தீவனத்தைத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கும். அந்தத் தூங்குகிற எலியைப் பற்றி மச்சான் சொல்லியிருக்க மாட்டாரே!

இரண்டு பேருக்கும் தெரியாத மூன்றாவது எலி ஒன்று உண்டு. 1963-ல் கியோட்டோவில் ஒகாமோட்டோ, அவோகி என்ற இரண்டு பேர் உருவாக்கியது. எஸ்.எச்.ஆர். என்போம். தானாகவே பிரஷர் ஏறுகிற எலி. இதற்கு உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். பிறந்து ஐந்தாறு வாரத்தில் ஏற ஆரம்பித்து, வளர்ந்த பிறகு 180, 200 என்று நிற்கும். குண்டு எலி என்று நினைக்காதீர்கள், ஒல்லிதான். கையில் நிற்காது. கூண்டு மூடியைத் தூக்கினால் மற்ற எலி மூலைக்குப் போகும், இது மேலே வரும். ஓயாத துறுதுறுப்பும் கவனச் சிதறலும் உள்ள பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் இதே எலியைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

மாத்திரைக்கடை | 10:15

முத்தியால்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஐயா சொன்ன மூன்றாவது எலிக்கு ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருக்கும்? இழையைத் தொடங்கிய அண்ணன் 'சுகர் கிடையாது, டிரைகிளிசரைடு மட்டும் ஏற்றம்' என்கிறார். என் கடைக்கு வருகிற பாதிப் பேர் இப்படித்தான்.

சோதனைக்குழாய் | 10:41

அதற்கு நான் சொல்லலாமா? அண்ணாமலை நகரில் உயிர்வேதியியல் படித்தவள், இப்போது புதுச்சேரியில் வேலை.

எஸ்.எச்.ஆர். எலிக்குப் பெரும்பாலும் சர்க்கரை அளவு சாதாரணமாகவே இருக்கும். ஆனால் அதை அப்படி வைத்திருக்கக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கிறது. டிரைகிளிசரைடும் கொழுப்பு அமிலமும் ஏற்றமாக இருக்கும். ஒல்லி உடம்பு, சாதாரண சர்க்கரை, உள்ளே இவ்வளவு குழப்பம். முதுநகர் அண்ணா, 'சுகர் கிடையாது' என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைக்காதீர்கள்.

ஃபிரக்டோஸ் எலிக்கு நடப்பது வேறு. குளுக்கோஸ் கல்லீரலில் உடைகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி உண்டு, நம் ஆல்பேட்டை சாவடி மாதிரி. அங்கே காவல் நிற்பது ஒரு நொதி. உடம்பில் சக்தி போதுமான அளவு இருந்தால் அது வண்டியை நிறுத்திவிடும். ஃபிரக்டோஸ் அந்த வழியில் வருவதில்லை. புதுச்சேரியிலிருந்து பாட்டில் எடுத்து வருபவர்கள் ஊர் சந்து வழியாகச் சாவடிக்கு அப்பால் வந்து ஏறுவார்களே, அப்படி வந்து சேரும். தடுக்க ஆள் இல்லை. வந்தது அத்தனையும் உடைகிறது, தேவைக்கு மேல் உடைந்தது கொழுப்பாக மாறி டிரைகிளிசரைடாக ரத்தத்துக்குப் போகிறது. அது உள்ளே நுழையும்போதே செல்லின் சக்தி நாணயமான ஏ.டி.பி. மளமளவென்று செலவாகிறது. அந்தச் செலவின் குப்பை கடைசியில் யூரிக் அமிலமாக வந்து நிற்கிறது.

இது வரைக்கும் தெளிவு. அப்புறம் பிரஷர் எப்படி ஏறுகிறது என்பதில்தான் சண்டை. இன்சுலின் கூடினால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதற்ற நரம்புகளும் முறுக்கேறும் என்பது ஒரு வாதம். ரீவன் குழுவே அந்த எலிகளின் குடிநீரில், நரம்பு முறுக்கைத் தளர்த்தும் குளோனிடின் மருந்தைக் கலந்து பார்த்தது. பிரஷர் ஏறவில்லை. அடுத்த வருஷம் எலிகளை ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள், அப்போதும் ஏற்றம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிசிசிப்பியில் ஹால் என்பவரின் குழு, நாய்களுக்கு நாள்கணக்கில் இன்சுலினை ஏற்றிக்கொண்டே இருந்தது. பிரஷர் ஏறவில்லை. அதே கூட்டத்தார் எலிக்கு ஏற்றினார்கள், 1991-ல். ஏறிவிட்டது. அதே இன்சுலின், அதே ஆய்வுக்கூடம். நாயின் உடம்பு ஒரு பதில் சொல்கிறது, எலியின் உடம்பு வேறு பதில் சொல்கிறது.

ஃபிரக்டோஸ் எலி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது எறும்பு. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு பத்து சதவீத ஃபிரக்டோஸ் தண்ணீரைக் குடிநீராக வைத்தோம். பாட்டில் முனையில் ஒரு துளி தேங்கி நிற்கும். காலையில் போனால் சுவரிலிருந்து கூண்டு வரைக்கும் சிவப்பாகக் கோடு போட்ட மாதிரி எறும்பு. ரேக்கின் நாலு காலுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம், மீன் வறுத்துச் சட்டியில் வைத்துவிட்டு அம்மா செய்வாளே, அப்படி. வெயில் காலத்தில் இரண்டாம் நாளே பாட்டிலில் புளித்த வாடை. தினம் மாற்ற வேண்டும் என்று எந்தக் கட்டுரையிலும் எழுதியிருக்கவில்லை. புளித்த தண்ணீரை எலி குடிக்காது, குடிக்காத எலிக்கு எதுவும் ஏறாது. எங்கள் முதல் தொகுதி இப்படித்தான் வீணானது.

கெடிலக்கரை | 10:50

ஆல்பேட்டை உவமையை எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தால் நானும் உயிர்வேதியியலில் பாஸ் ஆகியிருப்பேன்.

மாத்திரைக்கடை | 10:58

சரி, ஒரு சந்தேகம். எலிக்கு பிரஷர் பார்ப்பது எப்படி? மனிதனுக்கே என் கடையில் மூன்று தடவை பார்த்தால் மூன்று எண் வருகிறது.

வால்பட்டை | 11:26

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். என் பெயரே அதில்தான் இருக்கிறது.

எலியை ஒரு கண்ணாடி மாதிரிக் குழாய்க்குள் நுழைய விடுவோம். முன்னால் மூக்குக்கு ஓட்டை, பின்னால் வால் மட்டும் வெளியே. வாலைக் கொஞ்சம் சூடு காட்ட வேண்டும், இல்லையென்றால் நாடி கிடைக்காது. வாலின் அடியில் ஒரு குட்டிப் பட்டை, அதற்குப் பின்னால் நாடி உணரும் கருவி. பட்டை காற்றால் உப்பும், நாடி நின்றுபோகும். மெதுவாகக் காற்று இறங்கும், நாடி திரும்பும் இடத்தில் வருகிற எண்தான் பிரஷர். கையில் கட்டுகிற அதே வித்தை.

இதற்கு எலியைப் பழக்க வேண்டும். ஒரு வாரம் தினமும் சும்மா குழாய்க்குள் விட்டு எடுப்பேன். அதே நேரம், அதே அறை, அதே ஆள். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், வேறு பையன் போய்ப் பார்த்தான். அன்றைக்கு எல்லா எலிக்கும் இருபது புள்ளி கூட. ஆராய்ச்சி செய்த டாக்டரம்மா தன் மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டார். பையன் பூசிக்கொண்டு வந்த சென்ட்டு வாசனைதான் காரணம் என்பது என் கட்சி. 2014-ல் ஒரு ஆய்வே வந்தது: ஆண்கள் உடுத்திக் கழற்றிய டி-சர்ட்டை அறையில் வைத்தாலே எலிக்கும் சுண்டெலிக்கும் உடம்பில் பதற்றம் ஏறுகிறதாம். என்னை யாரும் இருபத்தெட்டு வருஷத்தில் கேட்கவில்லை.

இன்னொரு முறை டெலிமெட்ரி. வயிற்றுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்துத் தைத்துவிட்டால், எலி பாட்டுக்குக் கூண்டில் திரியும், இரவு பகல் எண் வந்துகொண்டே இருக்கும். எலி இரவில்தான் விழித்திருக்கும், தின்னும், ஓடும். நாம் பட்டை கட்டுவது பகலில், அதன் தூக்கத்தைக் கெடுத்து. இரண்டும் ஒரே பிரஷராக இருக்குமா?

2005-ல் இதை ஒரு குழு நேராகச் சோதித்துவிட்டது. அதே வெள்ளை எலி, அதே ஃபிரக்டோஸ் தீவனம், ஆனால் டெலிமெட்ரி. இன்சுலின் கோளாறு வந்தது. பிரஷர் ஏறவில்லை. மருமகனுக்கு அனுப்புங்கள்.

முதுநகர்க்காரன் | 11:40

ஐயா, அப்படியானால் டாக்டர் ரூமில் எனக்கு 150, வீட்டில் பையன் மெஷினில் 138 வருகிறதே, அதுவும் குழாய்க்குள் போன எலி கதைதானா?

வால்பட்டை | 11:44

அதேதான். உங்களுக்கு வால் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் 138 வந்தது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மாத்திரைக்கடை | 11:52

நிறுத்தவே கூடாது. ஒரு வாரம் காலை மாலை வீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு, டீ குடிப்பதற்கு முன்.

ஆனால் ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபிரக்டோஸ் எலி ஆய்வு எல்லாம் சென்ட்டு வாசனைதான் என்று ஆகிவிடும்போல.

சோதனைக்குழாய் | மறுநாள் காலை 7:05

அப்படி ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது, சார். எத்தனை வாரம் கொடுத்தார்கள், தீவனத்தில் உப்பு எவ்வளவு, எலிக்கு என்ன வயது என்று ஒவ்வொன்றும் விடையை மாற்றுகிறது. ஐயா சொன்ன 2005 ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு: இன்சுலின் கோளாறு மட்டும் வந்து பிரஷர் வரவில்லை. அப்படியென்றால் ஒன்று இருந்தால் மற்றது வந்தே தீரும் என்பது இல்லை.

இதே பாடத்தை எஸ்.எச்.ஆர். எலி வேறு வழியில் சொல்லியிருக்கிறது. 1999-ல் அந்த எலியில் சி.டி.36 என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு அமிலத்தைச் செல்லுக்குள் கூட்டிப் போகிற புரதம் அது. அது இல்லாததால் கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றுகிறது, இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை. ஆஹா, பிரஷருக்கும் இதுதான் வேர் என்று பலர் நினைத்தார்கள். அதே வருஷம் ஜப்பானியர்கள் கியோட்டோவின் மூல வம்சத்து எலியை எடுத்துப் பார்த்தார்கள். அதில் மரபணு முழுசாக இருந்தது, பிரஷரும் முழுசாக இருந்தது! வெளிநாட்டுக்குப் போன கிளையில்தான் பழுது. 2001-ல் பழுதான எலிக்கு நல்ல மரபணுவைச் சேர்த்தபோது இன்சுலின் கோளாறு குறைந்தது, பிரஷர் இறங்கவில்லை. சரி, சம்பந்தமே இல்லை என்று முடித்துவிடலாமா? 2008-ல் சிறுநீரகத்தில் அந்த மரபணு குறைந்தால் அது பிரஷரைப் பாதிக்கிறது என்று வந்தது. ஒரே மரபணு, தசையிலும் கொழுப்பிலும் ஒரு வேலை, சிறுநீரகத்தில் வேறு வேலை.

மச்சானின் உப்பு எலியை வளர்சிதை மாற்றக் கதையிலிருந்து விலக்கியும் வைக்க முடியாது. 2018-ல் டால் எலியில் ஒன்று கண்டுபிடித்தார்கள். உப்புத் தீவனம் கொடுத்தால் அதன் ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்ரேட் என்ற கீட்டோன் பொருள் குறைந்துபோகிறது. கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்கிற பொருள் அது. அதன் மூலப் பொருள் ஒன்றைக் குடிநீரில் கொடுத்து அந்தக் குறையை நிரப்பியதும் பிரஷர் ஏற்றம் தணிந்தது, சிறுநீரகச் சேதமும் குறைந்தது. உப்பு என்றால் நீர் கோத்துக்கொள்வது மட்டும்தான் என்று பாடப் புத்தகத்தில் படித்தவளுக்கு இது ஆச்சரியம். யாராவது இதைப் படித்துவிட்டு கீட்டோ டயட் என்று கிளம்ப வேண்டாம். எலி குடித்தது ஒரு திரவம், வெண்ணெய் போட்ட ஆம்லெட் இல்லை.

அரியாங்குப்பம்_அக்கா | 9:30

குழாய்த் தங்கச்சி, யூரிக் அமிலம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாயே. எங்கள் வீட்டுக்காரருக்குக் கால் கட்டைவிரல் வீங்கி ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. யூரிக் ஆசிட் 9. அவருக்கு பிரஷரும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

சோதனைக்குழாய் | 1:15

இருக்கலாம், அக்கா. இந்த இடத்தில் எலி நம்மைப் போல இல்லை. எலியின் கல்லீரலில் யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது, யூரிக் அமிலத்தை உடைத்து வெளியே தள்ளிவிடும். நமக்கு அந்த நொதி பரிணாமத்தில் எப்போதோ போய்விட்டது. அதனால்தான் எலிக்குக் கட்டைவிரல் வீங்குவதில்லை. 2001-ல் ஒரு குழு, அந்த நொதியை முடக்குகிற ஆக்சோனிக் அமிலத்தை எலிக்குத் தீவனத்தில் கலந்தது. யூரிக் அமிலம் கொஞ்சம்தான் கூடியது, பிரஷர் ஏறிவிட்டது. யூரிக் அமிலத்தைக் குறைக்கிற அல்லோபியூரினால் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்த எலிக்கு ஏறவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அதே மாத்திரையைத்தான் போடுவார் என்று நினைக்கிறேன்.

2008-ல் புதிதாக பிரஷர் வந்த 30 விடலைப் பிள்ளைகளுக்கு அதே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பிரஷர் இறங்கியது. ஆனால் வயதானவர்களிடம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. பல வருஷம் ஏறிக் கிடந்து ரத்தக் குழாய் விறைத்துப் போன பிறகு, காரணத்தை எடுத்தாலும் விளைவு போகாது என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆகவே கட்டைவிரலுக்குத் தருகிற மாத்திரை பிரஷரையும் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இயற்கை_வாழ்வு | 2:02

எலியும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம். நம் ஊர்ச் செடி கொடிகளிலிருந்து எடுத்த சாறு எலியின் பிரஷரை இறக்கும் என்று அண்ணாமலை நகரிலிருந்தே எத்தனையோ ஆய்வு வந்திருக்கிறது. இதை மருந்துக்கடைக்காரர் சொல்ல மாட்டார்.

மாத்திரைக்கடை | 2:20

சொல்கிறேனே. எலியே வேண்டாம் என்று ஆரம்பித்து எலி ஆய்வையே சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். ஐயா கேட்ட கேள்வியை நானும் கேட்கிறேன்: எந்த எலி?

சோதனைக்குழாய் | 2:48

அந்த ஆய்வுகள் வருவது உண்மைதான், நான் படித்த துறையே அதில் பல வருஷமாக உழைத்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டு வகை எலி. ஒன்றுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, டோக்கா என்ற ஹார்மோன் மருந்தை ஊசி போட்டு, ஒரு சதவீத உப்புத் தண்ணீரைக் குடிக்க வைப்பார்கள். இன்னொன்றுக்கு எல்-நேம் என்ற பொருளைக் கொடுப்பார்கள். அது ரத்தக் குழாயைத் தளர்த்துகிற நைட்ரிக் ஆக்சைடு உண்டாகாமல் தடுக்கும். ஆக, பிரஷரை நாமே செய்கிறோம், அப்புறம் செடியிலிருந்து பிரித்த பொருளைக் கொடுத்து இறங்குகிறதா, கொழுப்பும் நொதிகளும் திரும்புகின்றனவா என்று பார்க்கிறோம். முதல் படிக்கு அது சரியான வேலை. முதுநகர் அண்ணாவுக்கு இரண்டு சிறுநீரகமும் இருக்கிறது, யாரும் அவருக்கு எல்-நேம் கலந்து கொடுக்கவில்லை.

மாத்திரைக்கடை | 3:01

அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால், மனிதனுக்கு அதை ஏறக்குறைய ஆறால் வகுப்பது வழக்கம். 32 வைத்துக்கொள்ளுங்கள். அறுபது கிலோ ஆளுக்கு இரண்டு கிராம் கிட்ட வரும். இலை இல்லை, பிரித்தெடுத்த சுத்தமான பொருள். எத்தனை கட்டுக் கீரை தின்றால் அது வரும்?

இந்தச் சாக்கில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரை போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கெடிலக்கரை | 3:30

இவ்வளவு எலியை அறுத்துதான் இதெல்லாம் தெரிய வேண்டுமா? சும்மா கேட்கிறேன்.

வால்பட்டை | 4:10

சும்மா கேட்கிற கேள்வி இல்லை தம்பி. 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்றே மத்திய அரசுக் குழு ஒன்று உண்டு. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு உட்கார்ந்து, எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி தெரியாமல் எப்படி என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போடும். நாற்பது கேட்டு வந்தவரை இருபத்துநாலோடு திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. என் வீட்டில் எலிப்பொறி கிடையாது, எலி வந்தால் கதவைத் திறந்துவிடுவேன். மனைவி திட்டுவாள்.

முதுநகர்க்காரன் | இரவு 8:35

இன்றைக்குக் கடையில் கூட்டம் குறைவு. உட்கார்ந்து கணக்குப் போட்டேன், தப்பிருந்தால் குழாய்த் தங்கச்சி திருத்த வேண்டும்.

மருமகனின் எலிக்குத் தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஃபிரக்டோஸ் என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தது. நான் குறைத்தே வைத்தேன், அறுபது சதவீதம். ஒரு நாளைக்கு நான் 2000 கலோரி தின்றால் 1200 கலோரி ஃபிரக்டோஸ். கிராமுக்கு நாலு கலோரி என்றால் 300 கிராம். சர்க்கரையில் பாதிதான் ஃபிரக்டோஸ் என்பதால் 600 கிராம் சர்க்கரை. அதிலேயே 2400 கலோரி வந்துவிடுகிறது, சோறு தின்ன இடமே இல்லை! பக்கத்து மளிகையில் வாங்கி வந்து என் தராசில் போட்டேன். தட்டு நிறைந்து விளிம்பில் கொட்டியது. இரண்டு வாரம் இதைத் தினமும் தின்றால் எனக்கும் ஏதாவது ஏறும்தான்.

அப்புறம் மச்சானின் எலி. தண்ணீர் சேராத கணக்கில் ஒரு நாளைக்கு அரைக் கிலோ சாப்பாடு என்று வைத்து, எட்டு சதவீதம் உப்பு. நாற்பது கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்து கிராமுக்கும் கீழே. நாற்பதையும் நிறுத்துப் பார்த்தேன். சர்க்கரைக் குவியலுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாதது போலத் தெரிந்தது. உள்ளங்கையில் கொட்டினால் குழி நிறைந்துவிடுகிறது.

சிரிக்கலாம் என்றுதான் நிறுத்தேன். ஆனால் உப்பைப் பார்த்ததும் கொஞ்சம் யோசனை வந்துவிட்டது. அறுநூறு கிராம் சர்க்கரையை நான் என்றைக்கும் தொடப்போவதில்லை. நாற்பது கிராம் உப்பு எனக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. எங்கள் பக்கம் சுறா, வாளை மாதிரிப் பெரிய மீனுக்கு மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ வரைக்கும் உப்புப் போடுவார்கள். காலையில் பழைய சோற்றுக்கு ஒரு துண்டு சுட்டு வைத்துக்கொள்வேன். மத்தியானம் குழம்பு. ராத்திரி மிச்சக் குழம்பு. ஊறுகாய் தனி.

சோதனைக்குழாய் | 8:52

கணக்கில் தப்பில்லை, அண்ணா. ஒன்று மட்டும்: நீங்கள் டால் எலியின் எந்த வம்சம் என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. தூங்குகிற எலியாகவும் இருக்கலாம். குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். கரும்புச்சாறு தினம் ஒரு டம்ளர் என்பது அறுநூறு கிராம் இல்லைதான், ஆனால் 260 டிரைகிளிசரைடுக்கு அதைத் தினம் ஊற்ற வேண்டாமே.

அரியாங்குப்பம்_அக்கா | 9:04

கருவாட்டைச் சுடுதண்ணீரில் போட்டுப் பத்து நிமிஷம் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒரு தடவை போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கொஞ்சம் உப்பு அதிலேயே போய்விடும்.

முதுநகர்க்காரன் | 9:15

அக்கா, வீட்டில் ஒரு தடவைதான் அலசுவார்கள், ருசி போய்விடும் என்று நான்தான் சத்தம் போடுவேன். சுறா துண்டு இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளைக்கு நெத்திலி. அது உப்பே போடாமல் மணலில் விரித்து வெயிலில் காய்ந்தது, காரப்பொடியும் அப்படித்தான். கடையில் வலது பக்கம் இருக்கிற கூடை எல்லாம் உப்பில்லாத சரக்கு. அதற்குத் தனியாக ஒரு அட்டை எழுதி வைக்கப்போகிறேன்.

வீட்டு மெஷினில் இன்று காலை 141-க்கு 90. ஒரு வாரம் எழுதிவிட்டு மறுபடி வருகிறேன். மச்சானுக்கும் மருமகனுக்கும் இந்த இழையை அனுப்பியாகிவிட்டது, இரண்டு பேரும் நீல டிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

கெடிலக்கரை | 9:18

அண்ணே, அந்த அறுநூறு கிராம் சர்க்கரையை என்ன செய்தீர்கள்?

முதுநகர்க்காரன் | 9:21

தராசிலேயே மறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். எறும்பு வந்துவிட்டது.